எட்டாத கல்லை அளப்பது எப்படி?

2013ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ருஷ்யாவிலுள்ள செல்யாபின்ஸ்க் நகரத்துக்கு மேலே ஆகாயத்தில் வெடித்த கல் சுமார் 20 மீட்டர் அகலந்தான். அந்த அதிர்ச்சியில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கி ஆயிரம் பேருக்கு மேல் காயம்பட்டார்கள். ஆகவே, சூரியனைச் சுற்றித் திரியும் சிறுகோள்கள் எனப்படும் கற்களில் பூமிக்கருகே வருவது எவ்வளவு பெரிது என்று கேட்பது வேலையற்றவர் கேள்வியல்ல.

ஆனால் தூரதிருஷ்டிக் கண்ணாடியில் பார்த்தாலும் அநேகமாய் அது ஒரு புள்ளிதான். சுண்ணாம்பு போன்ற சின்னக் கல்லும், கரி போன்ற பெரிய கல்லும் ஒரே வெளிச்சமாய்த் தோன்றும். எது எதுவென்று யார் சாட்சி சொல்வது? அந்த வெளிச்சமேதான் சொல்ல வேண்டும்.

சூரியனிலிருந்து புறப்படும் வெளிச்சம் எல்லாப் பக்கமும் அதிர்ந்துகொண்டு வருகிறது. ஒரு பொருளின் மேல் பட்டுத் திரும்பும்போது ஏதாவதொரு பக்கத்து அதிர்வு மிகுந்துவிடுகிறது. இதற்கு முனைவாக்கம் என்று பெயர். (பெயர்தான் பயமுறுத்துகிறதேயொழிய விஷயம் சுலபம்.) 1808ல் மாலுஸ் என்னும் பிரெஞ்சுக்காரர், பாரிசில் லக்சம்பர்க் அரண்மனை ஜன்னலில் பட்டுத் திரும்பிய வெயிலை ஒரு படிகத்தின் வழியாகப் பார்த்து இதைக் கண்டுகொண்டார். நாம் சொல்லுகிறோம் என்பதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. போலராய்டு கூலிங் கிளாஸ் ஒன்றின் வழியாக ஏரித் தண்ணீரின் பளபளப்பைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைத் திருப்பினால், பளபளப்பு கூடிக் குறைவது யாருக்கும் தெரியும்.

நிற்க, கறுப்புக் கல்லுக்குள் புகுந்த வெளிச்சம் பெரும்பாலும் உள்ளேயே மடிந்துபோய், ஒரேமுறை மோதியது மாத்திரம் வெளியே வருவதால் அதன் ஒழுங்கு அதிகம் கெடுவதில்லை. வெள்ளைக் கல்லிலோ பலமுறை மோதி ஒழுங்கு கலைந்துவிடும். எனவே சூரியன், கல், பூமி மூன்றும் நிற்கும் கோணத்தைக் கணக்கில் வைத்துக்கொண்டு பார்த்தால், முனைவாக்கம் அதிகமான கல் கறுப்பு என்றாகிறது. நிறம் தெரிந்தால் அளவும் தெரிந்துவிடும்.

2020ல் பூமிக்கருகே வந்த ரியுகு என்னும் சிறுகோளை இப்படி அளந்தபோது முனைவாக்கம் 53 சதவிகிதம் வரை இருந்தது. அதே வருஷம் டிசம்பரில் ஜப்பானியரின் ஹயபுசா-2 அக்கல்லின் மண்ணில் 5 கிராமுக்கு மேல் கொண்டுவந்து ஆஸ்திரேலியாவில் இறக்கியது. திறந்து பார்த்தால் கரிக்கறுப்பு!

எல்லாம் கணக்குப்படியே நடப்பதுமில்லை. சிறிய கோணங்களில் மிகுந்த அதிர்வின் பக்கம் மாறியிருக்கும். சாதாரணமாய் 20 பாகை அளவில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். பார்பரா என்னும் 234ம் எண் சிறுகோளில் அப்படித் திரும்பவில்லை என்று 2006ல் கண்டவர்கள் அதை மூடி மறைக்காமல் அச்சிட்டு வெளியிட்டார்கள். பிறகு தேடியதில் அதே மாதிரிக் கற்கள் இன்னும் பல அகப்பட்டன. கால்சியமும் அலுமினியமும் மிகுந்த மிகப் பழைய கனிமங்களே காரணமாயிருக்கலாம் என்பது ஒரு சாரார் அபிப்பிராயம்.