நாம் ஏறிய வண்டிகள்

சென்ற திங்கள் ஞாயிறு பூசை முடிந்து ஆலய முற்றத்தில் நின்றிருந்தபோது, இளைஞர் ஒருவர் நம்மை அணுகி, "ஏனுங்கய்யா, நீங்க இதுவரைக்கும் எத்தனை வண்டி வச்சிருந்தீங்க?" என்று வினவினார். புதுப் புல்லட் வாங்கிய பெருமை அவர் முகத்தில் ஒளிர்ந்தது. எண்ணிப் பார்த்தோம். மிதிவண்டியை நீக்கினால் ஐந்து. இத்திங்கள் அவ்வைந்தையும் பற்றியே எழுதத் துணிந்தோம். வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டுகிறோம். குடும்பப் பத்திரிகையில் இரும்புக்கு என்ன வேலை என்று கேட்போர் சற்றே மேலும் படிக்கட்டும்.

திருப்பூரில் அந்நாளில் பனியன் தொழில் மிதிவண்டிக் கேரியரின் மேல்தான் நடந்தது. நிட்டிங் பட்டறையில் ஓடிய துணி சாயப்பட்டறைக்குப் போகும். அங்கிருந்து வெட்டுக்கும் தையலுக்கும் வரும். காஜாவுக்கும் பட்டனுக்கும் வேறோர் இடம். முடிந்த உருப்படி காதர்பேட்டைக் கடைகளுக்குச் சேரும். நாமோ நான்கு தையல் இயந்திரங்களுடன் கூலிக்குத் தைத்துக் கொடுத்தவர்கள். பண்டலைக் கட்டிக்கொண்டு ஒரு நாளில் பத்து முறையேனும் மிதிப்போம்.

1977-ஆம் ஆண்டில், ஒருவர் ஓட்டிக் கழித்த ராஜ்தூத் வண்டியை வாங்கினோம். போலந்து நாட்டு வண்டியொன்றை மூலமாகக் கொண்டு எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தார் வடக்கே உருவாக்கிய 175 சி.சி. வண்டி அது. 1973-இல் வெளிவந்த 'பாபி' திரைப்படத்தால் குட்டி ராஜ்தூத் ஒன்று புகழ் பெற்றிருந்தது. நம்முடையது அதன் அண்ணன், பால்காரர்களும் விவசாயிகளும் ஏறும் முரட்டு வண்டி. பெட்ரோலுடன் எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அளவு மிகுந்தால் புகை. குறைந்தால் என்ஜினுக்கே கேடு. அவ்வண்டியை நாம் எத்துணை நேசித்தோம் என்றால், மாலைதோறும் கழிவுப் பஞ்சு கொண்டு துடைப்போம்; குழந்தையின் மூக்கைத் துடைத்தது துணைவியார்தாம்.

1979-இல் ஒரு நாள், அவிநாசியில் ஒரு திருமணத்திற்காக நாமும் துணைவியாரும் அதில் புறப்பட்டோம். அவர் பட்டுச் சேலை உடுத்தி, அக்கால வழக்கப்படி ஒருபக்கமாக அமர்ந்திருந்தார். பின் சக்கரத்தை மறைக்கும் சேலைக் காப்பை, வண்டியின் தோற்றம் எடுப்பாக இருக்கவேண்டுமென்று முன்பு வைத்திருந்தவர் கழற்றி எறிந்திருந்தார். அதை மீண்டும் பொருத்த நமக்குத் தோன்றவில்லை. அனுப்பர்பாளையத்தை நெருங்கும்போது முந்தானை சக்கரக் கம்பிகளில் சிக்கியது. வண்டி சாய்ந்தது, அவர் சாலையில் விழுந்தார். அருகிலிருந்த பாத்திரப் பட்டறையிலிருந்து தொழிலாளர்கள் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினர்.

இப்போது உண்மையை எழுதிவிடுகிறோம். எழுந்தவுடன் நம் கண் முதலில் சென்றது வண்டியின் முகவிளக்கின் மேல். கண்ணாடி உடைந்ததா என்று பார்த்த பிறகே மனைவியின் பக்கம் திரும்பினோம். அவர் அதைக் கண்டார். மணிக்கட்டு முறிந்திருந்தது, ஆறு வாரம் மாவுக்கட்டு. ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. ஆனால் அதன்பின் நான்கு ஆண்டுகள் நம் பின்னே அமரவில்லை. ஞாயிறு பூசைக்கு நாம் வண்டியில் சென்றோம். அவர் பிள்ளையை இடுப்பில் ஏந்தி நகரப் பேருந்தில் வந்தார். ஊரார் கேட்டால், "வண்டி காத்து ஒத்துக்கறதில்லீங்க" என்பார்.

பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும், பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளப் பிடியும், கால்வைக்க இடமும் இருத்தல் வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதியாக இன்றும் உள்ளது. ஆயினும் அழகுக்காக அதைக் கழற்றுவோர் இன்றும் உளர். அந்த இளைஞரின் வண்டியில் அதைத்தான் முதலில் பார்த்தோம். இருந்தது.

1983-இல் ராஜ்தூத்தை விற்று டி.வி.எஸ். 50 வாங்கினோம். 1980-இல் ஓசூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய அச்சிறு வண்டி, இருவர் அமரும் மொபெட். மிதிவண்டி போல மிதித்துக் கிளப்ப வேண்டும். திருப்பூரின் ஏற்றுமதித் தொழிலைக் கப்பல்கள் சுமந்தன என்பார்கள். தூத்துக்குடித் துறைமுகம் வரை அது மெய்யாகலாம், சந்துக்குள் சுமந்தது இந்தச் சிறு வண்டியே. ஓட்டுபவர் தலை மட்டும் தெரிய, முன்னும் பின்னும் பனியன் மூட்டைகள் நகர்ந்து செல்லும் காட்சியை நம் ஊரார் நன்கறிவர். வேகம் இல்லாத அதில்தான் துணைவியார் மீண்டும் அமர்ந்தார். ஏனென்று நாம் கேட்கவில்லை.

1988-இல் வாங்கிய ஹீரோ ஹோண்டா சி.டி. 100 பற்றி எழுத அதிகமில்லை. எண்ணெய் கலக்கும் தொல்லை இல்லை; பெட்ரோல் குறைவு; பழுதும் குறைவு. குறை சொல்ல ஏதுமில்லாத உறவினரைப் போல அதை மறந்தேவிட்டோம். பின்னர் மைத்துனருக்குக் கொடுத்தோம்.

நம் உள்ளம் நாடியது புல்லட்டை. சிறு வயதில் நம் பங்குத்தந்தை கிளைக் கிராமங்களுக்குப் பூசைப் பெட்டியுடன் வருவது அதில்தான். ஓசை ஊர் எல்லையில் கேட்டவுடன் உபதேசியார் மணியடிக்க ஓடுவார். இங்கிலாந்தின் ராயல் என்பீல்டு நிறுவனத்துடன் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1955-இல் கூட்டுச் சேர்ந்ததன் பயனாக, அது சென்னைத் திருவொற்றியூரில் உருவாகி வந்தது. தாய்நாட்டு ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்தது.

1992-இல், ஏற்றுமதி ஆர்டர்களால் கை சற்றுத் தாராளமாக இருந்த வேளையில், நாமும் ஒன்று வாங்கினோம். அதைக் கிளப்புவதே ஒரு கலை. அம்மீட்டர் முள் நடுவில் நிற்கும்வரை மெல்ல மிதித்து, அமுக்கத்தை விடுவிக்கும் நெம்புகோலைப் பிடித்துவிட்டு, பின் ஓங்கி உதைக்க வேண்டும். முறை தவறினால் அது நம்மைத் திருப்பி உதைக்கும். கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். துணைவியார் அதில் இருபுறமும் கால்போட்டு அமர மறுத்தாலும், சேலைக் காப்பைத் தாமே கைவைத்து அசைத்துப் பார்த்த பின்னரே ஏறுவார்.

பத்தொன்பது ஆண்டுகள் அது நம்முடன் இருந்தது. நொய்யல் பாலத்தை நாள்தோறும் அதில் கடந்தோம். அன்று எந்த நிறத்துக்கு ஆர்டர் வந்துள்ளதென்று ஆற்றைப் பார்த்தே சொல்லலாம். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழுள்ள உழவர்கள் பல்லாண்டுகள் முறையிட்டனர். நாமோ மூக்கைப் பொத்திக்கொண்டு வேகத்தைக் கூட்டினோம். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட ஆணையிட்டது. 700-க்கும் மேற்பட்டவை நின்றன. சாயம் ஏறாமல் துணி இல்லை. துணி இல்லாமல் தையல் இல்லை. தீர்ப்பைக் குறைகூற நமக்கு வாயில்லை. ஆனால் தையலாட்களுக்குத் தரவேண்டிய கூலி நின்றது. புல்லட்டை விற்றோம்.

வாங்கியவர் வந்து நின்றபோது நாம் துணியால் தொட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தோம். துணைவியார் வாசலில் வந்து நின்றார். "அன்னைக்கு வண்டியத்தான் முதல்ல பார்த்தீங்க. இன்னைக்கு நானே சொல்றேனுங்க, நல்லாப் பார்த்துக்குங்க" என்றார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் வாயிலிருந்து வந்த முதற்சொல் அது. சினம் அதில் இல்லை. நாம் அன்று அனுப்பர்பாளையத்துக்காக மன்னிப்புக் கேட்டோம். வாங்க வந்தவர் ஒன்றும் புரியாமல் பணத்தை எண்ணினார். மாலைக்குள் தையலாட்களின் கூலி தீர்ந்தது.

ஆறாண்டுகள் பேருந்தும் மிதிவண்டியுமே துணை. 2017 முதல் வீட்டில் எக்ஸ்.எல். 100 நிற்கிறது, பழைய மொபெட்டின் பேரப்பிள்ளை. அரிசி மூட்டையும் நாம் இருவரும் அதில் அடங்குகிறோம். பின்னிருப்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம் என்று 2015 ஜூலை முதல் நம் மாநிலத்தில் நடைமுறைக்கு வந்ததால், வாசல் ஆணியில் இரண்டு தொங்குகின்றன. முழங்கால் வலியால் நமக்கு இனி உதைக்க இயலாது. வரும் ஞாயிறு அந்த இளைஞர் தம் புல்லட்டில் நம்மை ஒருமுறை ஏற்றிச் செல்வதாகக் கூறியுள்ளார். துணைவியாரிடம் இன்னும் சொல்லவில்லை.