வினா நோயர்தம் மொழியில் அமைக!

தலையில் அடிபட்டவரின் உணர்வுநிலையை இரவும் பகலும் அருகிருந்து அளப்பவர் செவிலியரே. அவர் கையாளும் அளவுகோலைக் கிளாசுக்கோ நகர் அறிஞர்களாகிய கிரகாம் தீசுடேலும் பிரையன் சென்னெட்டும் 1974-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கண்திறப்பிற்கு 4, பேச்சிற்கு 5, உறுப்பசைவிற்கு 6 என மதிப்பெண் 15. எட்டும் அதற்குக் கீழும் கடுந்தாக்கத்தைக் காட்டும். அதனுடன் கண்பாவையும் பார்க்கப்படும். ஒரு பாவை மட்டும் விரிந்து, ஒளிபட்டும் சுருங்காது நிற்பின், மண்டையோட்டினுள் அழுத்தம் மிகுவதன் அறிகுறியாகலாம்.

பாவைக்கு ஒளி போதும். பேச்சிற்கோ மொழி வேண்டும். பெயர், இருக்குமிடம், நடக்கும் திங்கள் ஆகியவற்றை வினவுவர். தெளிவாக விடையிறுத்தால் 5, குழம்பினால் 4. ஆங்கிலத்தில் வினவப்பட்ட சிற்றூர் மூதாட்டி திகைத்து விழித்தால், குன்றியது அவர்தம் உணர்வா? வினவியவர்தம் முறையா? "ஆவணி" என்று அவர் விடை கூறின், அது பிழையாகுமா?

இது வெறும் மொழிப்பற்று அன்று, உயிர்ச்சிக்கல். தொடக்கத்திலேயே மதிப்பெண்ணைத் தவறாகக் குறைத்துவிட்டால், பின்னர் உணர்வு மெய்யாகவே குன்றுங்கால் அவ்வீழ்ச்சி புலப்படாது போகும்.

செவிலியர்காள்! செவி கேட்கின்றதா, கண் தெரிகின்றதா என முதற்கண் தெளிக. பின்னர், எம்மொழியினராயினும் அவரவர் தாய்மொழியில் வினவுக. செவிலியர் கல்விக்கூடங்கள் இவ்வினாக்களைத் தமிழிலேயே பயிற்றுக!