மெக்கானிக் இல்லாத பாலைவனம்

'குட்டி இளவரச'னைப் படித்து உருகாத சிற்றிதழ் வாசகரை நான் இன்னும் சந்திக்கவில்லை. அதில் வரும் விமானி, இன்ஜின் பழுதாகி சஹாராவில் இறங்குகிறான். கூட மெக்கானிக் இல்லை, பயணிகளும் இல்லை, ஆகவே ஒற்றை ஆளாகத் தானே பழுதுபார்க்க முனைந்ததாகச் சொல்லிவிட்டு ஆட்டுக்குட்டிப் படம் வரையப் போய்விடுகிறான். நாமும் அவன் பின்னாலேயே போய்விடுகிறோம். எந்தப் பாகம் உடைந்தது, எதைக் கொண்டு சரிசெய்தான், அது எப்படி மறுபடி கிளம்பியது என்று ஒருவரும் கேட்பதில்லை.

நான் கேட்கிறேன். ஏனெனில் அந்தக் கதை முளைத்த நிலத்தில் ஒரு மெக்கானிக் இருந்தார். 1935 டிசம்பர் 30 அன்று விடியுமுன், பாரிஸிலிருந்து சைகோனுக்கு மிகக் குறைந்த நேரத்தில் பறந்து சேரும் முயற்சியில், செந்த்-எக்சுபெரி ஓட்டிய சிறு விமானம் பாலைமணலில் மோதியது. அருகே இருந்தவர் ஆந்த்ரே ப்ரெவோ, அவருடைய மெக்கானிக். நாக்கு வறண்டு நாட்கணக்கில் நடந்தவர்கள் இருவர். பாலைவன நாடோடி ஒருவர் கண்டெடுத்துக் காப்பாற்றியதும் இருவரையுந்தான். அந்த அனுபவத்தை நேரடியாகச் சொன்ன 1939ஆம் ஆண்டு நூலில் ப்ரெவோ இருக்கிறார் என்பதையும் நியாயம் கருதிச் சொல்லிவிடுகிறேன். 1943இல் அது கதையானபோது நரி வந்தது, ரோஜா வந்தது, பாம்பு வந்தது, ப்ரெவோவைக் காணோம்.

ஒரு கலைஞனுக்கு அந்த உரிமை உண்டு என்பீர்கள். உண்டு. ஆனால் பறத்தல் என்றாலே விமானியை மட்டும் நினைக்கும் பழக்கம் இலக்கியத்தோடு நிற்பதில்லை. அரசாங்கக் கோப்புகளிலும் நுழைந்துவிடுகிறது. அதுதான் என் வழக்கு.

நான் இருப்பது சாயர்புரம். ஜி.யு. போப் வந்திறங்கிப் பள்ளி நடத்திய ஊர் என்று இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகம் சொல்வது வழக்கம். இப்போது வேறோர் அறிமுகமும் சேர்ந்திருக்கிறது: வாகைக்குளம் விமான நிலையத்துக்கு அண்மையிலுள்ள ஊர். அங்கே சுமார் 1350 மீட்டராக இருந்த ஓடுதளம் 3115 மீட்டராக நீண்டு, 2025 ஜூலை 26 அன்று புதிய முனையமும் திறக்கப்பட்டது. மகிழ்ச்சி. பெரிய விமானங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவற்றைப் பேண பெரிய நிறுவனங்கள் உண்டு. என் கவலையெல்லாம் இதே மாவட்டத்தின் மேற்கே, கரிசல் காட்டில், கோவில்பட்டி அருகே கிடக்கும் பழைய ஓடுதளத்தைப் பற்றியது. அதை விமானப் பயிற்சிப் பள்ளியாக்குவது தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் (டிட்கோ) திட்டம். சேலத்திலும் அத்தகைய பள்ளி வந்துவிட்டது. இத்திட்டங்களைப் பற்றிய பேச்சு முழுவதும் எத்தனை விமானிகள் உருவாவார்கள் என்பதாகவே இருக்கிறது. அந்த விமானிகளை மேலே அனுப்பப்போகும் கைகள் யாருடையவை என்று கேட்டால், 'அதெல்லாம் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறார்கள். பின்னால் பார்த்துக்கொள்ள இயலாத ஒரே பொருள் விமானம்.

பயிற்சிப் பள்ளியில் இருப்பது என்ன? பெரும்பாலும் செஸ்னா 172 வகை. 1955இல் முதலில் பறந்தது. 44,000க்கு மேல் செய்திருக்கிறார்கள். உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. நான்கு இருக்கைகள், நான்கு சிலிண்டர்கள், காற்றால் குளிரும் இன்ஜின். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், அவற்றுக்குப் பொறி கொடுக்க இரண்டு மேக்னெட்டோ. பாட்டரி செத்தாலும் மேக்னெட்டோ பொறி கொடுக்கும். ஒரு மேக்னெட்டோ செத்தால் மற்றது கொடுக்கும். பழைய ராஜ்தூத் வண்டியை உதைத்துக் கிளப்பியவர்களுக்கு இந்த இன்ஜின் அந்நியமாகவே தோன்றாது. நம் சாலைகளில் 2000ஆம் ஆண்டோடு ஈயம் கலந்த பெட்ரோலுக்கு விடைகொடுத்துவிட்டோம். இந்தக் கிழவரோ இன்றும் ஈயம் கலந்த, நீலச் சாயம் ஏற்றிய பெட்ரோலையே குடிப்பவர். 2022 வரை அதையும் நாம் வெளிநாட்டிலிருந்தே தருவித்தோம். அவ்வாண்டுதான் இந்தியன் ஆயில் நிறுவனம் வடோதராவில் தயாரிக்கத் தொடங்கியது. குடித்த ஈயம் சும்மா போவதில்லை. பிளக்கின் அடியில் சிறு மணிகளாக உருண்டு உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கூரிய ஊசியால் ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பவரைப் பார்த்தால், முத்துக்குளித்துறையில் சிப்பி அறுக்கும் ஆள் நினைவுக்கு வருவார். என்ன, இந்த முத்துக்கு விலை கிடையாது.

பயிற்சி விமானத்தை 100 மணி நேரம் பறந்ததும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். எண்ணெயைச் சூட்டோடு வடிப்பார்கள். எண்ணெய் வடிகட்டியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் மடிப்புத்தாளை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். பளபளவென்று ஒரு துகள் தெரிந்தால் காந்தத்தைக் கொண்டு வருவார்கள்: காந்தத்தில் ஒட்டினால் ஒரு கவலை, ஒட்டாவிட்டால் வேறு கவலை. சிலிண்டர்களுக்குள் காற்றை அடைத்து எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். சுக்கான் கம்பிகளின் இழுவை, கப்பிகள், இறக்கையின் கீல்கள் என்று ஒவ்வொன்றாகப் போவார்கள். அதிர்வில் கழன்றுவிடக்கூடிய முக்கிய மரைகளை மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டுவதுண்டு. மரை தளர முயன்றால் கம்பி அதை இறுக்கும் பக்கமாகவே இழுக்க வேண்டும். திசை மாறிக் கட்டினால் அந்தக் கட்டு வெறும் அலங்காரம். முடிவில் கருவிகளை எண்ணுவார்கள். நம் தெரு ஒர்க் ஷாப்புகளில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் தொலைவது ஒரு தத்துவ நிலை; யாரும் அதற்காகத் துயருறுவதில்லை. இங்கே ஒரு ஸ்பேனர் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் நகராது.

இதில் வேடிக்கைகளும் உண்டு. வெளியே வெயில் காயும்போது கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டும் என்று சொன்னால் எங்கள் ஊர்க்காரர் சிரிப்பார். ஆனால் உண்மை: பெட்ரோல் ஆவியாகும்போது குளிர்ச்சி சட்டென்று இறங்குகிறது, கடற்கரைக் காற்றின் ஈரம் அதில் உறைகிறது, 25 டிகிரி வெப்பத்திலும் பழைய வகை இன்ஜின் பனி அடைத்து மூச்சுத் திணறும். தரையிறங்கிச் சோதிப்பதற்குள் பனி உருகியிருக்கும். குற்றவாளி தண்ணீராகிவிட்டான், மெக்கானிக் வெறும் கார்புரேட்டரை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்புறம் குளவி. வேகத்தை அளக்க இறக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய், மண்கூடு கட்டும் குளவிக்கு ஆண்டவன் கட்டிக்கொடுத்த வீடு. இரண்டு நாள் மூடாமல் விட்டால் குடித்தனம் தொடங்கிவிடும். சிரிக்கலாம், ஆனால் 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் கடலில் ஒரு போயிங் 757 விழுந்து 189 பேர் மாண்டதற்கு இத்தகைய குழாய் அடைப்பே காரணம், அடைத்தது குளவியாக இருக்கலாம் என்பது விசாரணையாளர்கள் வந்தடைந்த முடிவு.

விமானி பறந்து முடிந்ததும் கோளாறுப் பதிவேட்டில் எழுதுவார். அதன் கீழே மெக்கானிக் பதில் எழுதுவார். தமிழில் பாதுகாக்கப்படாத கடித இலக்கியம் ஒன்று உண்டென்றால் இதுதான். 'இடப்பக்கம் கதவருகே பலமாக அடிக்கும் ஓசை, இன்ஜினா என்று ஐயம்' என்று பதற்றத்தோடு ஓர் எழுத்து. கீழே நிதானமான கையெழுத்தில்: 'இருக்கை வார் கதவுக்கு வெளியே தொங்கியது. உள்ளே எடுத்து வைக்கப்பட்டது.' இதைவிடச் சிக்கனமான உரைநடையை நான் எந்தச் சிறுகதையிலும் கண்டதில்லை.

நிற்க. தூத்துக்குடிக்காரனிடம் இதையெல்லாம் சொன்னால் அவன் ஒரு பதில் வைத்திருப்பான்: 'இன்ஜின்தானே? நம்ம லேத்துல கடைஞ்சு போட்டுரலாம்.' உண்மையில் கடைந்துவிடுவான். தோணிக்குப் பலகை இணைப்பில் கலப்பத்து அடித்த ஓடாவிகளும், நடுக்கடலில் வள்ளத்து இன்ஜினைப் பிரித்துப் பூட்டும் மீனவர்களும் வாழும் கரை இது. கைத்திறனுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் வள்ளத்தில் இன்ஜின் நின்றால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, பக்கத்து வள்ளம் வரும்வரை பீடி பற்றவைக்கலாம். ஆகாயத்தில் நங்கூரம் போடத் தரையில்லை. அதனால்தான் விமானத் தொழிலில், எந்த ஆலையில் பிறந்தது, எந்தச் சோதனையில் தேறியது என்ற சான்றுத்தாள் இல்லாத போல்ட் வெறும் பழைய இரும்பு. கடைத்தெருவில் கிடைக்கும் போல்ட் அச்சு அசல் அதைப்போலவே இருக்கும். எங்கே முறியும் என்பது மட்டும் வேறாக இருக்கும். அச்சான்றுத்தாளுக்காகத்தான் ஓர் ஆணியளவு பாகம் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, சுங்கத்தில் படுத்து எழுந்து, வாரக்கணக்கில் வந்து சேர்கிறது. அதுவரை விமானம் கொட்டகையில் நிற்கும்.

நிற்பதுதான் ஆபத்து. இது பலருக்குத் தெரியாது. பால் கறக்காத மாட்டின் மடி கட்டிக்கொள்வதைப்போல, பறக்காத விமானமே விரைவில் கெடும். இந்த லைகமிங் இன்ஜின்களில் வால்வுகளை இயக்கும் கேம் தண்டு மேற்புறத்தில் இருக்கிறது. இன்ஜின் ஓடாத நாட்களில் அதன்மேல் படிந்த எண்ணெய் மெல்ல வடிந்து இறங்கிவிட, வெற்று எஃகின்மேல் ஈரம் உட்காருகிறது. உப்பளங்களும் கடலும் சூழ்ந்த எங்கள் பகுதியில் ஈரம் தனியாக வருவதில்லை, உப்பையும் கூட்டிக்கொண்டு வரும். உடலின் அலுமினியத் தகட்டில் சிவப்புத் துரு ஏறாது. வண்ணப்பூச்சின் அடியில் வெள்ளைப் பொடியாகப் பூத்து, கொப்புளம்போல் தடித்துக் காட்டும். கண்டவுடன் சுரண்டி மருந்திட வேண்டும். காணத் தெரிந்த கண் வேண்டும், அதுதான் சங்கதி. கோவில்பட்டி கடலைவிட்டு விலகியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாம். பயிற்சி விமானங்கள் கோவில்பட்டியிலேயே சுற்றிக்கொண்டிருக்கப் போவதில்லை. தவிர, கரிசல் புழுதியைச் சுவாசிக்கும் இன்ஜினின் காற்று வடிகட்டியை யார் எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது?

இப்போது நடப்புக்கு வருகிறேன். 2023 அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் நான்கு நாட்களுக்குள் ஒரே பயிற்சி நிறுவனத்தின் இரண்டு விமானங்கள் விழுந்தன, டி.ஜி.சி.ஏ. அந்நிறுவனத்தின் பயிற்சிகளை நிறுத்திவைத்தது. 2025 நவம்பரில் சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானமொன்று புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை அருகே நெடுஞ்சாலையில் இறங்கியது. நல்லவேளை, உள்ளிருந்த இருவரும் பிழைத்தார்கள். மக்கள் கூடிப் படமெடுத்தார்கள். விமானியின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தோம், புகழ வேண்டியதுதான். தொழில்நுட்பக் கோளாறு என்ற இரண்டே சொற்களில் மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கோளாறு யார் கையைத் தாண்டி மேலே போனது, அந்தக் கை எத்தனை விமானங்களைக் கவனித்துக்கொண்டிருந்தது, முந்தின இரவு தூங்கியதா என்று கேட்க நமக்கு ஆர்வமில்லை.

சிறு விமான மெக்கானிக்குகள் ஏன் கிடைப்பதில்லை என்பதில் மர்மமொன்றுமில்லை. பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தில் பிஸ்டன் இன்ஜின் விமானத்துக்கு பி-1.2 என்று ஒரு பிரிவு, ஜெட் போன்ற டர்பைன் விமானத்துக்கு பி-1.1 என்று ஒரு பிரிவு. பெரிய நிறுவனங்களின் சம்பளமெல்லாம் இரண்டாவதில். எனவே சிறு விமானத்தில் கை பழகிய பையன், பழகி முடிந்த அன்றே பெரிய கொட்டகைக்குப் போய்விடுகிறான். அவனைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. மறுபக்கம், எனக்கு மருமகன் முறையாகும் பையன் ஒருவன், பெயர் சொல்ல விரும்பாத ஒரு நிறுவனத்தில் சில லட்சங்களைக் கட்டி இந்தப் படிப்பைப் படித்தான். இறக்கை கழற்றிய, ஒருபோதும் பறக்காத ஒரு விமானத்தைச் சுற்றிச்சுற்றி வந்தார்களாம். தாள்களைத் தேறினால் மட்டும் உரிமம் வராது. இயங்கும் விமானத்தில் கைவேலை செய்த அனுபவப் பதிவு வேண்டும். அந்த அனுபவத்துக்கு இடம் கொடுப்பார் இல்லை. இன்று செல்பேசிக் கடையில் திரை மாற்றுகிறான். நேர்த்தியாக மாற்றுகிறான்.

ஒரு பக்கம் கைகளுக்கு வேலையில்லை, மறுபக்கம் வேலைக்குக் கைகளில்லை. இரண்டையும் இணைக்க ஒரு கொட்டகை போதும். அது திட்டத்தின் நடுவில் இருக்க வேண்டும், பின்னிணைப்பில் அல்ல.

ரைட் சகோதரர்கள் என்று பள்ளியில் படித்தோம். 1903இல் அவர்கள் பறந்த விமானத்தின் இன்ஜினை ஆறு வாரங்களில் செய்து கொடுத்தவர், அவர்களுடைய சைக்கிள் கடையில் வேலை பார்த்த சார்லஸ் டெய்லர் என்று எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. கார் நிறுவனங்களுக்கு எழுதிப் பார்த்துத் தோதான இன்ஜின் கிடைக்காததால், கடையில் இருந்த கடைசலையும் துளைக்கருவியையும் வைத்து அவர் செய்தது அது. முதுமையில் அவரைத் தர்ம ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து கண்டெடுத்தார்கள், 1956இல் இறந்தார். அவர் பிறந்த மே 24ஐ அமெரிக்காவில் விமான மெக்கானிக்குகளின் நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைப்போம். ஸ்பேனருக்கு வைப்போம், பிடித்த கைக்கு அல்ல.

கோவில்பட்டிப் பள்ளியைப் பற்றி மேடையில் பேசுகிறவர்களிடம் இனி நான் கேட்கப்போவது இவைதாம்: நூறு மணி நேரச் சோதனைக்குக் கையெழுத்திடும் உரிமம் பெற்றவர்கள் எத்தனை பேர், அவர்களுக்குச் சம்பளம் என்ன, உதிரிப்பாகக் கிடங்கில் முதல் நாளே என்னென்ன இருக்கும், உள்ளூர்ப் பையன்கள் எத்தனை பேர் அந்தக் கொட்டகையில் அனுபவப் பதிவு பெறலாம், கடலோரம் பறந்து வந்த விமானத்தைக் கழுவ நல்ல தண்ணீர்க் குழாய் உண்டா. கடைசிக் கேள்விக்குக் கோவில்பட்டிக்காரர்களே சிரிப்பார்கள். குடிக்கத் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற ஊர் அது. ஓடுதளத்தின் நீளம் எவ்வளவு என்று கேட்டால் மீட்டர் சுத்தமாகப் பதில் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். இவற்றுக்கு என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.