தடுப்பூசி ஜீனை மாத்திடுமா?

"டாக்டர், கொரோனா ஊசி ஜீனையே மாத்திடுமாமே?"
ஓபியில் இன்றும் வரும் கேள்வி. கொஞ்சம் பொறுமையா படிங்க.

1. ஆன்டிபாடி, டி செல் எல்லாம் கிருமியை அடையாளம் பார்த்து அடிக்கும் சிறப்புப் படை. மோனோசைட், மேக்ரோஃபேஜ் எல்லாம் யார் வந்தாலும் அடிக்கும் காவல் படை. காவல் படைக்கு ஞாபகசக்தி கிடையாது என்பதுதான் பழைய பாடம்.

2. அது முழு உண்மை இல்லை. பிறந்ததும் இடது தோளில் போடும் பிசிஜி ஊசி, காவல் படைக்கும் பயிற்சி தருகிறது. 2011ல் நெதர்லாந்தின் மிஹாய் நெட்டியா குழு இதைப் "பயிற்சி பெற்ற எதிர்ப்பு சக்தி" என்றது.

3. எம்ஆர்என்ஏ தடுப்பூசியிலும் இதே தடயம். ஜெர்மனி கொலோன் ஆய்வில், ஊசி போட்டு 6 மாதம் கழித்தும் மேக்ரோஃபேஜ்களில் அந்தக் குறி இருந்தது.

4. குறி எங்கே? டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்தில். புத்தகத்தில் பக்கம் தெரிய காகிதம் செருகுவோமே, அதுபோல. ஒரு எழுத்துகூட மாறாது. தடுப்பூசியின் எம்ஆர்என்ஏ செல்லின் உட்கருவுக்குள் போவதும் இல்லை; வேலை முடிந்ததும் சிதைந்துவிடும்.

5. அதற்காக "எல்லா நோய்க்கும் கவசம்" என்றும் கிளம்பாதீங்க. கொரோனாவுக்கு எதிராக மருத்துவப் பணியாளர்களுக்கு பிசிஜி போட்டுப் பார்த்த பெரிய ஆய்வில் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அடுத்த முறை வாட்ஸ்அப்பில் "எபிஜெனெடிக்" என்று பயமுறுத்தினால் ஒன்றே கேளுங்க: மாறினது எழுத்தா, குறியா?