‘ஷிப்ட்’ – செய்தவர் யார்?

இரண்டாமாண்டு இளம் அறிவியல், இயற்பியல்

சென்ற ஆண்டு இக்கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்த அன்று சேர்க்கைத் தாளை எடுத்துக்கொண்டு வீட்டிற்கு ஓடினேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்தவன் நான்தான் முதல். தந்தையார் இரவு வேலை முடித்து உறங்கி, அப்போதுதான் எழுந்திருந்தார். எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘சுழற்சி – 2’ என்று அச்சாகியிருந்த இடத்தில் விரலை வைத்து, “இது இன்னாடா?” என்றார்.

“செகண்ட் ஷிப்ட்டு நைனா. மத்தியானத்துக்கு மேல காலேஜ்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. “படிப்புக்குமா ஷிப்ட்டு? நான்தான் ஷிப்ட்டு பாத்து ஓஞ்சி போயிட்டேன், நீயுமாடா?”

அன்று நான் சிரித்துவிட்டேன். பிறகு எண்ணிப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த எண்ணத்தின் விளைவே இக்கட்டுரை.

நண்பர்களே, இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்து பாருங்கள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியாதவர் நாவில் இந்த ஒரு சொல் புழங்குவதைப் போல் வேறெதுவும் புழங்காது. காலை ஆறு மணி முதல் இரண்டு வரை முதல் ஷிப்ட்; இரண்டு முதல் இரவு பத்து வரை இரண்டாவது; பத்து முதல் விடியும் வரை ‘நைட்டு’. பெண் பார்க்க வருகிறவர்கள்கூடப் பையனின் சம்பளத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததாக, “ஜெனரலா, ஷிப்ட்டா?” என்றுதான் கேட்கிறார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பழைய ஆட்களுக்கு ஷிப்பு வந்தால்தான் ஷிப்ட்டு. இரண்டு சொல்லும் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். அவர்களுக்குப் பிழைப்பிலும் ஒன்றுதான்.

என் தந்தையார் ஓர் ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அவருக்கு நைட்டு ஷிப்ட் விழும் வாரத்தில் எங்கள் வீட்டில் பகல் என்பதே கிடையாது. இருப்பது ஓர் அறை. அவர் படுத்துவிட்டால் தொலைக்காட்சி ஊமையாகிவிடும். குக்கர் விசில் அடிக்கும் என்று அம்மா அந்த வாரம் முழுவதும் பானையிலேயே சோறு வடிப்பார். கீழே இருந்து நண்பர்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அம்மா வெளியே ஓடிப்போய்க் கையை ஆட்டுவார். பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களில் பாதியை நான் மாடிப்படியில் உட்கார்ந்துதான் படித்தேன். படிகளில் ஏறி இறங்குவோர்க்கு வழிவிட்டு வழிவிட்டு, எந்த வரியில் விட்டேன் என்று தேடுவதிலேயே தனிப் பயிற்சி ஏற்பட்டுவிட்டது! ஷிப்ட் என்பது வேலைக்குப் போகிறவருக்கு மட்டும் உரியதன்று; வீடு முழுவதும் அந்த ஷிப்ட்டைப் பார்க்கிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அறிய, நூலகத்தில் பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டினேன். பழைய ஆங்கிலத்தில் இதற்கு வகுத்தல், பங்கிடுதல் என்பதே பொருளாம்! இடம் மாற்றுவதும் உடை மாற்றுவதும் பின்னால் வந்து சேர்ந்தவை. ஆலைகள் பெருகிய காலத்தில்தான் ஆள் மாற்றி ஆள் செய்யும் வேலை நேரத்திற்கு இப்பெயர் ஏற்பட்டது. கடைசியில் இன்னும் ஓர் எழுத்தைக் கூட்டி ‘ஷிப்டி’ என்றால் நம்பத்தகாதவன் என்று பொருள். எங்கள் பகுதியில் சில மேஸ்திரிகளுக்குப் பொருந்தும்.

பங்கிடுதல் என்றால், பங்கிட்டவர் யார்? நாளின் 24 மணியை எட்டெட்டாக மூன்று கூறிட்டது யாருடைய கருணையுமன்று. எட்டு மணி நேர வேலை கேட்டு 1886-இல் சிகாகோவில் தொழிலாளர் குருதி சிந்தினர். 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் விழாக் கொண்டாடினார் சிங்காரவேலர். அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் எங்களுக்குத் தனிப் பெருமை உண்டு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நாளுக்கு 9 மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரம்பு கட்டிற்று. 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடம் தரும் திருத்தம் நம் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வார வரம்பு மாறாது என்றார்கள். எதிர்ப்பு வலுத்தது. மே முதல் நாளன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பத்து நாளும் எங்கள் குடியிருப்பின் மாடிப்படியில் இதே பேச்சுதான். 24-ஐ எட்டால் வகுத்தால் மூன்று ஆள். பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு ஆள். மூன்றாவது ஆள் எங்கே போவான்? இந்தக் கணக்கிற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. என் தந்தையார் சட்டையைக் கழற்றும்போதே போட்டுவிட்டார்.

இச்சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. வீடு மாற்றினால் அதுவும் ஷிப்ட்.

எங்கள் குடும்பம் காசிமேட்டுக் கரையில் இருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு தற்காலிகக் கொட்டகை. பிறகு, நான் சிறு பிள்ளையாக இருந்தபோது, வடக்கே எர்ணாவூர் சுனாமி குடியிருப்பு. சுவர் கிடைத்தது, கூரை கிடைத்தது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் என் ஆயா மீன் விற்பவர். காசிமேட்டில் இருந்தவரை, ஏலம் கூவும் ஒலி கேட்ட பிறகு எழுந்து நடந்து போனாலும் போதுமாம். எர்ணாவூருக்கு வந்தபின் நடுச்சாமத்தில் எழுந்து ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார். விற்ற காசில் ஒரு பங்கு ஆட்டோவுக்கே போயிற்று. கால் வீங்கிய பிறகு கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

ஆயாவிடம் யாராவது, “எந்த ஊர்?” என்று கேட்டால், “காசிமேடு. இங்க ஷிப்ட் பண்ணி வெச்சிருக்காங்க” என்பார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே ‘வெச்சிருக்காங்க’தான்! என் தந்தையாரோ, “இங்க ஷிப்ட் ஆயிட்டோம்” என்பார். அரசுப் படிவத்தில் ‘இடம்பெயர்ந்தவர்’ என்றிருக்கும். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடந்தது ஒன்றே. ஆயாவின் பேச்சில் செய்தவர் இருக்கிறார். தந்தையின் பேச்சில் அவர் மறைந்துவிட்டார். படிவத்தின்படி எல்லாம் நாங்களாகவே செய்துகொண்டது!

தமிழில் பெயர்ந்தான் என்றால் தானே நகர்ந்தான். பெயர்த்தான் என்றால் வேறொன்றை நகர்த்தினான். ஒரு மெய்யெழுத்து மாறினால் போதும், செய்தவர் யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலத்தின் ‘ஷிப்ட்’ அந்தத் தொல்லையை வைத்துக்கொள்வதில்லை. இரண்டிற்கும் ஒரே சொல். தன்வினை, பிறவினை என்று பள்ளியில் ஐந்து மதிப்பெண்ணுக்காக நெட்டுருப் போட்டேன். அது இவ்வளவு பெரிய செய்தி என்று அன்று தெரியவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். சென்னைத் துறைமுகத்தில் கையாண்ட நிலக்கரியும் இரும்புத் தாதும் இராயபுரம் பக்கத்து வீடுகளில் கரும்புழுதியாய்ப் படிந்தன. உயர்நீதிமன்ற ஆணையின்படி 2011 அக்டோபரிலிருந்து அங்கே அவற்றைக் கையாள்வது நின்றது. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்திற்குப் போயிற்று. ‘நிலக்கரி எண்ணூருக்கு ஷிப்ட்’ என்றால் மூன்றே சொல்லில் செய்தி முடிந்துவிடுகிறது. இராயபுரத்து மக்கள் மூச்சுவிட்டார்கள், அது நியாயமே. ஆனால் எண்ணூர்ப் பக்கம் அதற்கு முன்பே அனல் மின் நிலையங்களின் சாம்பலை விழுங்கிக்கொண்டிருந்தது. சொல்லைப் பாருங்கள்: ஷிப்ட் ஆனது கரி. அது போய்ச் சேரும் இடத்திலும் மனிதர் உண்டு என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமில்லை. நாங்கள் போன திசையிலேயே, சில ஆண்டுகளுக்குள், கரியும் வந்தது. ஆயா இதைக் கேட்டபோது, “அதுக்கும் வூடு குடுத்துட்டாங்களா?” என்றார்.

இப்போது நான் படிக்கும் பாடத்திற்கு வருகிறேன். விம்கோ நகர் நிலையத்தில் நிற்காமல் பறக்கும் விரைவு ரயிலின் ஊதலைக் கேட்டிருப்பீர்கள். நெருங்கும்போது கீச்சென்றும் கடந்தபின் தாழ்ந்தும் ஒலிக்கும். அதிர்வெண்ணின் இந்த மாற்றத்திற்கு டாப்ளர் ஷிப்ட் என்று பெயர். தொலைதூர விண்மீன் கூட்டங்கள் நம்மைவிட்டு விலகுவதால் அவற்றின் ஒளி சிவப்புப் பக்கம் சாய்வதும் ஒரு ஷிப்ட். செம்பெயர்ச்சி என்று அழகாகத் தமிழாக்கியிருக்கிறார்கள். நான் வியந்தது எதற்கென்றால், ஒலியில் டாப்ளர் கணக்குப் போடுமுன் ஒன்றை முதலில் எழுதியாக வேண்டும்: நகர்ந்தது ஒலி மூலமா, கேட்பவரா? ஒன்றுக்கு ஒரு வாய்பாடு, மற்றதற்கு வேறு வாய்பாடு. வேகம் ஒன்றாகவே இருந்தாலும் விடை வேறு. நகர்ந்தவர் யார் என்று சொல்லாமல் போட்ட விடைக்கு எங்கள் பேராசிரியர் மதிப்பெண் தருவதில்லை.

ஆகவே ஆங்கிலச் சொல்லை ஒழிக்க வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. ‘சுழற்சி’ என்று தமிழில் எழுதிவிட்டால் மட்டும் என்ன? என் தந்தையாருக்கு ஷிப்ட் வாரந்தோறும் சுழல்கிறது. இரண்டாம் சுழற்சியில் சேர்ந்த எனக்கோ மூன்று ஆண்டும் அதே பிற்பகல்தான். பெயரில் மட்டுமே சுழற்சி! ஷிப்ட் என்றே சொல்லுங்கள். ஆனால் அதனோடு ‘ஆயிற்று’ என்று சேர்க்கிறோமா, ‘செய்தார்கள்’ என்று சேர்க்கிறோமா என்பதில் கருத்தாக இருங்கள். அந்த அளவில் என் ஆயாவின் இலக்கணமே சரியான இலக்கணம் என்பேன்.

சென்ற பருவத்தில் நம் அறிவிப்புப் பலகையில், ‘செய்முறைத் தேர்வு வேறு நாளுக்கு ஷிப்ட் செய்யப்பட்டுள்ளது’ என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. எந்த நாள் என்றும் இல்லை, யார் மாற்றினார் என்றும் இல்லை. அதன் கீழே பென்சிலால் ‘யாரால்?’ என்று எழுதியவன் நான்தான், இப்போது ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் போய்ப் பார்த்தேன். அழிக்கவில்லை. அதற்கும் கீழே வேறொரு கையெழுத்தில், ‘நகர்ந்தது மூலமா, கேட்பவரா?’ என்று எழுதியிருந்தது. முதல் ஷிப்ட் இயற்பியல் மாணவர் யாரோ ஒருவர். இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. அவர் போன பிறகுதானே நான் வருகிறேன்.