வங்கிகளுக்கு வாரம் 5 நாள் வேலை: சனிக்கிழமை லீவு மட்டும் போதுமா?

'இந்த சனிக்கிழமை பேங்க் இருக்கா?' வாடிக்கையாளர் காலண்டரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி இது. 'நமக்கு மட்டும் ஏன் இருக்கு?' என்பது கவுன்ட்டருக்கு உள்ளே இருப்பவர்களின் கேள்வி.

இப்போது என்ன நடைமுறை?

2015 செப்டம்பர் முதல் 2, 4-வது சனிக்கிழமைகளில் வங்கிகளுக்கு விடுமுறை. மற்ற சனிக்கிழமைகள் முழு வேலை நாள். ரிசர்வ் வங்கி, எல்ஐசி, பங்குச்சந்தை எல்லாம் ஏற்கெனவே வாரம் 5 நாள்தான்.

2024 மார்ச் 8-ல் இந்திய வங்கிகள் சங்கமும் ஊழியர் சங்கங்களும் 17% ஊதிய உயர்வுக்குக் கையெழுத்திட்டன. எல்லா சனிக்கிழமையும் விடுமுறை என்பதையும் வங்கிகள் சங்கம் ஏற்றது. ஆனால், இதற்கு மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும்.

வாடிக்கையாளருக்கு நஷ்டமா?

லீவுக்கு ஈடாக தினமும் 40 நிமிடம் கூடுதலாக வேலை செய்யத் தயார் என்கின்றன சங்கங்கள். மாதம் 22 வேலை நாள் என்றால் சுமார் 14½ மணி நேரம். இரண்டு சனிக்கிழமை வேலைக்கு ஏறத்தாழ சமம். யுபிஐ, ஏடிஎம் எப்படியும் ஓடும். நகைக்கடன், லாக்கர், வீட்டுக்கடன் கையெழுத்துக்கு நேரில்தான் போக வேண்டும். வார நாளில் லீவு போட முடியாதவர்களுக்கு அது சிரமம்தான்.

உண்மையான சிக்கல் எங்கே?

தனியார் வங்கிகளில் ஊழியர் விலகல் விகிதம் சராசரியாக 25% என்கிறது ரிசர்வ் வங்கியின் 2023-24 அறிக்கை. அதாவது, ஆண்டுக்கு நாலு பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. சேவை தடைபடும், அனுபவ அறிவு போய்விடும், ஆள் எடுக்கும் செலவு ஏறும் என்றும் அது எச்சரித்தது. 'உங்க ரிலேஷன்ஷிப் மேனேஜர் மாறிட்டார்' என்று அடிக்கடி மெசேஜ் வருவது இதனால்தான். டெபாசிட், கிரெடிட் கார்டு, இன்சூரன்ஸ் என்று மாதாமாதம் டார்கெட் துரத்தும்போது, சனிக்கிழமை லீவும் டார்கெட் கவலையிலேயே கரைந்துவிடும்.

பொதுத்துறை வங்கிகளில் கதை வேறு. வேலைப் பாதுகாப்பு இருப்பதால் ஆட்கள் அவ்வளவாக விலகுவதில்லை. ஆனால், இடமாற்றத்துக்குப் பயந்து பதவி உயர்வே வேண்டாம் என்பவர்கள் உண்டு. 2025 மார்ச் 24, 25-ல் அறிவிக்கப்பட்டு, பிறகு தள்ளிவைக்கப்பட்ட வேலைநிறுத்தத்திலும் 5 நாள் வேலையோடு போதுமான ஆட்சேர்ப்பு என்ற கோரிக்கையும் இருந்தது.

என்ன செய்யலாம்?

பயிற்சி, வழிகாட்டுதல், நல்ல சலுகைகள், ஆதரவான பணிச்சூழல்: இவைதான் ரிசர்வ் வங்கி சொன்ன வழிகள். 5 நாள் வேலை நியாயமான தொடக்கம். ஆனால், கிளையில் ஆள் கூடாமல், டார்கெட் குறையாமல் லீவு மட்டும் வந்தால், ஆறு நாள் சுமை ஐந்து நாளில் ஏறும். அப்படி ஒரு இடத்தில் யாரும் ரொம்ப நாள் தங்க மாட்டார்கள்.