நம்ம தெரு ஒயருக்கு டெல்லியில் கையெழுத்தா?



வாசலுக்கு வந்து ஒரு நிமிஷம் மேலே பாருங்க. மின்கம்பத்துல கொத்துக் கொத்தா கேபிள் ஒயர் தொங்குதே, அந்தக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தது யாரு? உங்க கவுன்சிலரைக் கேட்டா தெரியாது. பஞ்சாயத்துத் தலைவரைக் கேட்டா, "அது நம்ம கையில இல்லைங்க" என்பார். அவரைத் திட்டாதீங்க, அவர் சொல்றது உண்மை.

அமெரிக்காவில் பல ஊர்களில் கதை வேறு. அங்கே கேபிள் கம்பெனி தெருவில் ஒயர் இழுக்கணும்னா அந்த ஊர் நகர மன்றத்தோடு ஒப்பந்தம் போடணும். ஃபிரான்சைஸ் என்று பேர். சில வருஷத்தில் அது முடியும், மறுபடி புதுப்பிக்கணும். முடிவதற்கு மூணு வருஷம் முன்னாடியே பேச்சைத் தொடங்கலாம், அதில் பொதுமக்களையும் கூப்பிட்டுக் கேட்கணும் என்கிறது 1984-இல் வந்த கேபிள் சட்டம். போன ஒப்பந்தத்தை மதிச்சியா? புகார் வந்தப்போ பதில் சொன்னியா? நடத்தப் பணமும் திறமையும் இருக்கா? இந்த ஊருக்கு இனிமே என்ன செய்யப் போறே? இதில் தேறாவிட்டால் மன்றம் புதுப்பிக்க மறுக்கலாம். கம்பெனி கோர்ட்டுக்குப் போகலாம்தான். ஆனா முதல்ல ஊர்க்காரங்க முன்னால வந்து உட்கார்ந்து பதில் சொல்லணும்.

இப்படிப் பேசித்தான் அந்த ஊர்கள் கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை வாங்கின. பள்ளிக்கூடத்துக்கு இலவச இணைப்பு வாங்கின. பொதுமக்களுக்கு, கல்விக்கு, மன்றத்துக்கு என்று தனிச் சேனல் வாங்கின. மன்றக் கூட்டத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம், எந்த கவுன்சிலர் பேசினார், எவர் தூங்கினார் என்பது உட்பட. (நம்ம ஊர்ல இது வந்தா சிலருக்கு வயித்தைக் கலக்கும்.)

அமெரிக்காவைத் தூக்கிப் பிடிக்கிறோம்னு நினைக்காதீங்க. அங்கேயும் இந்த அதிகாரத்தைப் பிடுங்குறாங்க. 2005-இல் டெக்சாஸ், 2006-இல் கலிஃபோர்னியா, "ஊர் ஊராப் பேச வேண்டாம், மாநிலமே உரிமம் தரும்" என்று சட்டம் போட்டன. பணம் ஊருக்கு வந்தது, பேரம் பேசும் உரிமை போச்சு. 2019-இல் வாஷிங்டனில் இருக்கும் எஃப்.சி.சி. இன்னொரு அடி கொடுத்தது. பள்ளிக்கூடத்துக்குத் தர்ற இலவச இணைப்புக்கும் விலை போட்டு, அந்த 5 சதவீதத்திலேயே கழிச்சுக்கலாமாம்! ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்குற வேலை. ஒரிகன் மாநிலத்து யூஜீன் உள்ளிட்ட நகரங்கள் கோர்ட்டுக்குப் போயின. 2021-இல் வந்த தீர்ப்பு, கழிக்கலாம், ஆனா சந்தை விலைக்கு இல்லை, கம்பெனிக்கு உண்மையா ஆகுற கூடுதல் செலவுக்கு மட்டும் என்றது. முழு வெற்றி இல்லை. ஆனாலும் எதிர்த்து நிக்க அந்த ஊர்கள் கையில் ஒரு ஒப்பந்தமாவது இருந்தது.

நம்ம கையில என்ன இருக்கு?

1995 கேபிள் சட்டப்படி ஆபரேட்டர் தலைமைத் தபால் நிலையத்தில் 500 ரூபாய் கட்டிப் பதிவு செய்தார். 2025 ஜனவரியில் அந்தத் தபால் நிலையத்தையும் எடுத்துட்டாங்க. இப்போ ஒன்றிய அமைச்சகத்தின் இணையதளத்தில் பதிவு, அது இந்தியா முழுக்கச் செல்லும். பெரிய கம்பெனிகளுக்குப் பத்து வருஷ உரிமம், புதுப்பிக்க ஒரு லட்சம் ரூபாய், அதுவும் டெல்லிக்கே. அந்த ஊரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்று எந்த விதியிலும் இல்லை.

ஊரை விடுங்க, மாநிலத்தையே மதிச்சாங்களா? தமிழ்நாடு அரசின் சொந்த நிறுவனமான அரசு கேபிள், டிஜிட்டல் உரிமத்துக்கு 2012-இல் விண்ணப்பித்து 2017 வரை டெல்லி வாசலில் நின்றது.

சாலையும் பாலமும் நகராட்சிப் பொறுப்பு என்று அரசியலமைப்பின் 12-ஆவது அட்டவணை சொல்லுது. ஒயர் அறுந்து பைக்காரர் கழுத்துல மாட்டினா மக்கள் நகராட்சி வாசல்லதான் நிப்பாங்க, அமைச்சகத்துக்கா போவாங்க? பொறுப்பு நமக்கு, அதிகாரம் அவங்களுக்கு!

"தொழில் செய்ய எளிமை" என்பார்கள். யாருக்கு எளிமை? மழையில கம்பம் ஏறுற நம்ம தெரு ஆபரேட்டர் நமக்கு எதிரி இல்லை, அவரும் பெரிய கம்பெனிகிட்ட மாட்டித் தவிக்கிறவர்தான். உரிமத்தை வாங்கி வெச்சுக்கிட்டு ஊர் முகத்தையே பார்க்காத கம்பெனியைத்தான் கேக்கிறோம்.

கேபிளோ ஃபைபரோ, உரிமம் தரும்போதும் புதுப்பிக்கும்போதும் உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் வேணும். வருமானத்தில் ஊருக்குப் பங்கு வேணும். மன்றக் கூட்டத்தைக் காட்ட ஒரு சேனல் வேணும். வர்ற கிராம சபையில், நகரத்தில் இருக்கிறவங்க பகுதி சபையில், இதைத் தீர்மானமா எழுதிக் கொடுங்க. கொடுத்த மனுவைப் படம் எடுத்து கமென்ட்ல போடுங்க, எந்த ஊர் முதல்ல வருதுன்னு பார்ப்போம்.

#ஊர்_சாலை_ஊர்_உரிமை